அதிகம் உழைப்பவரிடம் அதிக வீதத்தில் வரி எடுப்பது நியாயமா?

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இப்போது சம்பளம் 230,000 ரூபா. பதவி உயர்வை ஏற்றால் 250,000. ஆனால் வருமான வரியில் 6 வீதத்திலிருந்து 18 வீதப் படிக்குள் போய்விடுவீர்கள். அதனால் வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறீர்கள். கூடவே, எல்லோருக்கும் ஒரே வீதம் வைத்தால் என்ன, படித்து முன்னுக்கு வந்தது குற்றமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணக்கைக் கடைசியில் சொல்கிறேன், அது சின்ன விஷயம். அந்த "குற்றமா" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. 2023 ஜனவரியில் நானும் அதே சொல்லைச் சொன்னேன்.

நீங்களும் உங்கள் வீட்டில் முதல் முதலாக மாதச் சம்பளம் எடுத்தவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்தவர். நான் கண்டியில் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அந்த ஜனவரியில் என் சம்பளம் 150,000. புதிய வரியின்படி மாதம் 100,000க்கு மேலே போனால் வரி. சம்பளப் பட்டியலில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு) 12,000, வருமான வரிக்கு 3,500 என்று வெட்டியிருந்தார்கள். எங்கள் லயத்து வீட்டுக் (தோட்டத்து வரிசை வீடு) கூரைக்குத் தகரம் வாங்கிக் கொடுப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நான் மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்த காசில் முதலில் விழுந்த ஓட்டை அந்த 3,500தான். வைத்தியர்கள், விரிவுரையாளர்கள், வங்கி ஊழியர்கள் எல்லோரும் வீதிக்கு இறங்கிய நேரம் அது. நானும் கறுப்பு உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டிருந்தது. ஒரு இலட்சம் என்பது பெயருக்குத்தான் இலட்சமாக இருந்தது.

அந்த மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அம்மா அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார்: "வெட்டின பெறகு கையில எவ்வளவு நிக்குது?" 134,500 என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அது எனக்கு ஆறு மாசப் பேரு" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான கூலி.

குத்திக்காட்டிப் பேசவில்லை. மகள் இவ்வளவு எடுக்கிறாளே என்ற சந்தோசம்தான் அந்தக் குரலில் இருந்தது. ஆனால் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது புரியும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தி நிறுவை நடக்கும். ரோட்டோரம் முக்காலியில் தராசு தொங்கும். பெண்கள் படங்கு கட்டிய இடுப்போடு, நனைந்த தலையோடு வரிசையில் நிற்பார்கள். கொழுந்து மூட்டையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடும். அது ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். மூட்டைக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிவு. எல்லோருக்கும் ஒரே கழிவு, ஆள் பார்ப்பதில்லை. யாராவது முணுமுணுத்தால் "எல்லாருக்கும் சமமாத்தானே வெட்டுறேன்" என்பார்.

என் அம்மாவுக்குக் கை வேகம். காலையில் 12, பகலில் 13, அந்தியில் 11. மொத்தம் 36. கழிவு போக 30. அப்போது எங்கள் டிவிஷனில் நோம், அதாவது முழு நாள் கூலிக்கு எடுக்க வேண்டிய அளவு, 16 கிலோ. அம்மாவுக்கு முழுப்பேரும் விழும், நோமுக்கு மேலே எடுத்ததற்கு மேல் கொழுந்துக் காசும் வரும். பக்கத்து நிரையில் ஒரு பெரியம்மா இருந்தார். கண் மங்கல், விரல் மடங்காது. அவருடையது 6, 7, 6. மொத்தம் 19. கழிவு போக 13. நோமுக்கு மூன்று கிலோ குறைவு, அரைப்பேர். இரண்டு பேரிடமும் வெட்டியது ஆறு ஆறு கிலோதான். ஒருவருக்கு மேல் கொழுந்துக் காசு கொஞ்சம் குறைந்தது. மற்றவருக்கு நாள் கூலியில் பாதி போனது.

"இது ஒரே தொகை, நான் கேட்டது ஒரே வீதம்" என்பீர்கள். சரி. ஆளுக்குப் பத்து வீதம் என்றே வையுங்கள். அன்றைக்குப் பெரியம்மாவுக்கு 17 கிலோ மிஞ்சும், தப்பித்துவிடுவார். ஆனால் வெயில் காலத்தில் கொழுந்து குறைந்து அவர் 17 எடுக்கிற நாளில் என்ன ஆகும்? 15.3. திரும்பவும் அரைப்பேர். அம்மாவுக்கு 36இல் 32.4 நிற்கும். நோம் கிட்டக்கூட வராது. நோமுக்கு மேலே உள்ள கிலோவும் நோமைத் தொடுவதற்கான கிலோவும் தராசில் ஒரே பாரம், சாப்பாட்டில் ஒரே பாரம் இல்லை. வருமான வரியில் முதல் பகுதியைத் தொடாமல் விட்டு, அடுத்த பகுதிக்குக் குறைவாகவும் அதற்கு மேலே உள்ளதற்குக் கூடவும் எடுப்பது இதனால்தான். அம்மாவும் வரிசையில் நிற்கும்போது யாரும் பார்க்காத நேரம் தன் மூட்டையிலிருந்து இரண்டு மூன்று பிடி அள்ளிப் பெரியம்மாவின் மூட்டைக்குள் திணிப்பார். பல நாள் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அதற்காகப் புலம்பவும் செய்வார், அடுத்த நாள் திரும்பவும் திணிப்பார்.

"உன் அம்மா விரும்பிக் கொடுத்தார், அரசாங்கம் பிடுங்குகிறது" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை ஒரு சதம் கட்டணம் கட்டாமல் படித்தேன், மகாபொல புலமைப்பரிசிலும் எடுத்தேன். அந்தக் காசைக் கட்டியவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. கட்டியவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

ஆமாம், அம்மா வரி கட்டுகிறார். தோட்டத்து ஆட்கள் வரி கட்டுவதில்லை, நாங்கள் கட்டுகிறோம் என்று என் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2023 நவம்பரில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சீனி இறக்குமதிக்கான விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாவாக்கினார்கள். எங்கள் வீட்டில் மாதம் ஐந்து கிலோ சீனி போகும். மலையில் குளிரில் நிற்கிறவர்களுக்குச் சீனி போட்ட சாயத்தண்ணிதான் (பால் இல்லாத தேநீர்) தெம்பு. ஐந்து கிலோவுக்கு 250 ரூபா. அம்மாவின் அன்றைய நாள் சம்பளம் 1,000. ஆக, எட்டு மணித்தியால வேலையில் இரண்டு மணித்தியாலக் கொழுந்து அந்த வரிக்கே போனது. அதே 250 ரூபாவை நான் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி இருபது நிமிடத்தில் உழைத்துவிடுவேன். அடுத்த ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமானது, எரிவாயுவும் எரிபொருளும் அதற்குள் வந்தன. நீங்கள் கேட்கிற "எல்லோருக்கும் ஒரே வீதம்" இந்த நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. அது கடையில் இருக்கிறது.

பழைய கதையும் ஒன்று உண்டு. தங்கையைக் கொடுத்திருப்பது மாத்தளையில். அங்கே 1848இல் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, அதற்கு மேல் ஆண்கள் ஆளுக்கு ஆறு நாள் ரோட்டு வேலை, இல்லாவிட்டால் அதற்குப் பதில் காசு. வயல் வைத்திருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் அதே ஆறு நாள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். வருமானத்தைப் பார்த்து எடுக்கிற வரி இங்கே வந்தது 1932இல்தான்.

இதற்காக எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2023இல் போட்ட படிகள் மிக நெருக்கம். மாதம் 308,333 தாண்டினாலே 36 வீதம். மூன்றரை இலட்சம் எடுப்பவரும் முப்பது இலட்சம் எடுப்பவரும் உச்சிப் படியில் ஒன்றாக நின்றார்கள். அது நியாயமில்லை. சம்பளம் எடுப்பவரிடம் கையில் தருமுன்பே வெட்டிக்கொள்கிறார்கள், துண்டு (பற்றுச்சீட்டு) கொடுக்காமல் காசு வாங்கும் தொழில்காரர்களை விட்டுவிடுகிறார்கள். அதுவும் நியாயமில்லை. கட்டிய காசு எங்கே போகிறது என்று கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் வரியை ஒழுங்காக எடுக்காததன் குறை. உள்ளவரிடம் கூட எடுப்பதன் குறை அல்ல. நான் எந்தக் கட்சிக்காரியும் இல்லை, தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டி ஏமாந்த வீட்டுப் பிள்ளை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எழுதாமல் விட மனம் வரவில்லை. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024இல் சொன்னார்கள். தம்பிக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பினேன். முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது? எங்கள் வீட்டுக்கு இலக்கம் இல்லை. மேல் டிவிஷன், ஏழாம் லயம், அவ்வளவுதான். கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிஸுக்குப் போகும். அங்கே யாராவது கொடுத்தனுப்பினால் உண்டு. அதே தம்பிக்கு முன்பு ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் அங்கே கிடந்து, நேர்முகம் முடிந்து நான்கு நாள் கழித்துக் கைக்கு வந்தது. உறையில் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது. அவன் அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறான். வரி இலக்கம் வேண்டும் என்கிற அரசாங்கம் வீட்டுக்கு ஒரு இலக்கம் கொடுத்துத் தபால்காரரை லயம் வரைக்கும் அனுப்பினால் என்ன? இருநூறு வருசமாக இந்த மலையில் இருக்கிறோம்.

சரி, உங்கள் கணக்கு. 18 வீதப் படிக்குள் போனால் முழுச் சம்பளத்துக்கும் 18 வீதம் வெட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை வரியே கிடையாது. அடுத்த 83,333க்கு 6 வீதம். 233,333க்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும்தான் 18. இப்போது 230,000க்கு நீங்கள் கட்டுவது 4,800. சம்பளம் 250,000 ஆனால் 8,000. கூடுகிற 20,000இல் வரிக்குப் போவது 3,200, சேமலாப நிதிக்கு 1,600. மிச்சம் 15,200 உங்கள் கைக்கு வரும். பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வந்துவிட்டதென்றால் நாளைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.