ஊர் திரும்பினால் சர்க்கரை இறங்குமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருச்சிக்காரன், வயது 46. 19 வருடமாக அமீரகத்தில் இருக்கிறேன். துபாய் ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் டாக்குமென்டேஷன் வேலை. தங்கியிருப்பது ஷார்ஜா அல் நஹ்தாவில். இரண்டு வருடம் முன்பு மகளின் படிப்புக்காகக் குடும்பத்தை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். அவள் இப்போது பிளஸ் ஒன். நான் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன்.

போன மாதம் கம்பெனி இன்சூரன்ஸில் செக்கப் செய்தேன். ஹெச்பிஏ1சி 7.4. பிரஷர் 146/92. ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. ஆறு மாதம் முன்புதான் விசா மெடிக்கலில் ‘ஃபிட்’ என்று வந்தது. நம்பவே முடியவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் இந்த ஊர் வாழ்க்கைதான் எனக்கு நோய் என்று தோன்றுகிறது. லால்குடி பக்கம் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. வந்துவிட்டால் வயலில் நடந்து, கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டு ஒரு வருடத்தில் சரியாகிவிடுவேன் என்று நம்புகிறேன். ஆனால் வீட்டுக்கடன் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. “50 வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு” என்கிறார்கள் ரூம் நண்பர்கள். அப்பாவுக்கு வயது 78. நீங்கள் மஸ்கட்டில் இருந்து திரும்பியவர் என்பதால் கேட்கிறேன். வந்துவிடலாமா?

(பெயர் வேண்டாமே), ஷார்ஜா

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த விசா மெடிக்கல். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள், ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். காசநோய், ஹெச்ஐவி மாதிரி தொற்றும் நோய்களைத் தேடுவதற்காக. அதாவது உங்களால் மற்றவர்களுக்கு ஏதாவது வருமா என்று அந்த நாடு பார்த்துக்கொள்கிறது. உங்களுக்கு என்ன வந்திருக்கிறது என்பது அதன் கவலை இல்லை. சர்க்கரையோ கொழுப்போ அந்தச் சோதனையில் கிடையாது. வளைகுடாவில் நம் ஆட்கள் பாதிப்பேர் அந்த ‘ஃபிட்’டை உடம்புக்குக் கிடைத்த நற்சான்றிதழாக வைத்துக்கொண்டு அடுத்த விசா வரை கவலையில்லாமல் இருக்கிறார்கள். மஸ்கட்டில் எங்கள் அறையிலும் அப்படித்தான்.

ஹெச்பிஏ1சி என்பது ரத்தத்திலுள்ள சர்க்கரையின் சுமார் இரண்டு மூன்று மாதச் சராசரி. 5.7-இல் எல்லைக்கோடு தொடங்குகிறது, 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு. ஒருவர் திடீரென்று 7.4-க்கு வந்து நிற்பது அபூர்வம். அநேகமாக நீங்கள் குடும்பத்தோடு இருந்தபோதே, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அது ஏறத் தொடங்கியிருக்கும். தனியாக வந்தபிறகு ராத்திரி பரோட்டாவும் கரக் டீயும் அதைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளியிருக்கலாம், அவ்வளவுதான். பழியை மொத்தமாகத் தூக்கி ஷார்ஜா தலையில் போடாதீர்கள்.

ஊரைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சித்திரம் லீவில் பார்த்த ஊர். அந்த லீவிலும் என்ன நடக்கிறது? கல்யாணம், காதுகுத்து, கோயில், மாமியார் வீட்டு விருந்து. ஷார்ஜா திரும்பி எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருக்கும். வயலில் நடக்கப்போகிறேன் என்கிறீர்கள். உங்கள் அப்பா காலத்தில் வயலுக்கு நடந்தார்கள். இப்போது வயலுக்கும் பைக்கில்தான் போகிறார்கள், டீக்கடைக்கும் பைக்கில்தான். உழவு டிராக்டரில், நடவு பல இடங்களில் இயந்திரத்தில், அறுப்பும் இயந்திரத்தில். நில உடைமைக்காரர் வரப்பில் நின்று செல்ஃபோனில் பேசுகிறார். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. நகரத்தில் நூற்றுக்குப் பதினாறு பேர், கிராமத்தில் ஒன்பது பேர். கிராமத்தில் குறைவுதான். அதற்காக ஒன்பது சின்ன எண் என்று நினைத்துவிட வேண்டாம்.

கேழ்வரகும் மாவுச்சத்துதான் நண்பரே. களியாகவோ அடையாகவோ அளவோடு சாப்பிட்டால் நல்லது. நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் சோறு ஏற்றுவதற்குச் சளைக்காமல் அதுவும் சர்க்கரையை ஏற்றும். சிறுதானியம் என்று போர்டு மாட்டிய கடைகளில் வெல்லம் போட்ட கம்பு லட்டு விற்கிறார்கள், அதையும் சர்க்கரைக்காரர்கள்தான் வாங்குகிறார்கள்.

ஒரு ஆராய்ச்சி சொல்கிறேன். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைட் பகுதியிலும் செய்து 2017-இல் வெளியிட்டது. நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்களை எடுத்துக்கொண்டு, சில மாதம் கலோரியைக் கடுமையாகக் குறைத்து, பிறகு மெல்ல மெல்லச் சாதாரண உணவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு. அந்த ஆட்கள் அதே வீட்டில், அதே வேலையில், பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய்வந்தபடியே இதைச் செய்தார்கள். ஊர் மாறவில்லை. (இதைப் படித்துவிட்டு நாளையே பட்டினி தொடங்கிவிடாதீர்கள். பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறவர் டாக்டர் பார்வையில்தான் எதையும் குறைக்கவேண்டும்.)

ஆகவே உடம்பு விஷயத்தை ஊர் விஷயத்திலிருந்து பிரித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே முடிச்சாக இருக்கிறது. ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்று உடம்பைத் தள்ளிப்போட அது நல்ல சாக்கு. அங்கேயே இந்த வாரமே தொடங்க முடியும். உங்கள் நாளை நான் ஓரளவு ஊகிக்கிறேன். காலை ஆறேகாலுக்கு வண்டி. ஷார்ஜா டிராஃபிக்கைத் தாண்டி ஜெபல் அலி. திரும்பி வர ராத்திரி எட்டரை, ஒன்பது. மெஸ் சாப்பாடு வந்து ஆறிக்கிடக்கும். பத்து மணிக்குச் சாப்பிட்டு, அரைமணி நேரத்தில் படுக்கை. இதில் உடனடியாக மாற்றக்கூடியது அந்தப் பத்து மணிச் சாப்பாடு. கம்பெனியிலிருந்து கிளம்பும் முன் ஆறு மணிக்கே சாப்பிடும்படி இரண்டு அவித்த முட்டை, சுண்டல், வெள்ளரிக்காய், தயிர் என்று கட்டிக்கொண்டு போங்கள். ராத்திரி வந்து சாப்பிடாவிட்டால் என்ன, மெஸ்காரர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மதியம் சோறு சாப்பிடலாம். பாதியாகக் குறைத்து, அந்தப் பாதியில் பொரியலையும் பருப்பையும் மீனையும் போடுங்கள். சாப்பிட்டதும் கணினிமுன் உட்காராமல் கட்டடத்துக்குள்ளேயே கால்மணி நேரம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கண்கூடாகக் குறையும். குளுக்கோமீட்டரில் நீங்களே குத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

நடை மட்டும் போதாது என்பதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. நாற்பதைத் தாண்டினால் தசை ஆண்டுக்காண்டு கரைகிறது. ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தசைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம்முக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் தண்டால், லிஃப்டை விட்டுப் படியேறுவது. உங்கள் அறையில் தண்ணீர் கேன் வைத்திருப்பீர்களே, காலியானதில் பாதி நிரப்பித் தூக்கி இறக்குங்கள். குளிர்காலத்தில் அல் நஹ்தா பார்க்கில் ராத்திரியிலும் நம் ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே நடக்கமுடியாது. அங்கே வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணிவரை வேலை தடை இருக்கிறது. அந்த மாதங்களில் படிக்கட்டுதான் கதி.

இடுப்பை இன்ச் டேப் வைத்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பேன்ட் சைஸ் கணக்கில்லை, அது தொப்பைக்குக் கீழே நிற்பது. தொப்புள் மட்டத்தில் அளக்கவேண்டும். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. வெள்ளைக்காரர்களுக்கு இதைவிட அதிகம் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு.

இனி ஊர். ரூம் நண்பர்கள் சொல்லும் அந்த 50 எனக்குப் பிடிக்கவில்லை. நாலு வருடத்தில் கடன் முடியும், சரி. அப்போது மகளுக்கு இருபது வயது. எங்கோ ஒரு ஹாஸ்டலில் இருப்பாள். அப்பாவுக்கு 82. நீங்கள் எந்த வீட்டை நினைத்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறீர்களோ அந்த வீடு அப்போது இருக்காது. இந்திய நேரம் ஒன்றரை மணி முன்னால். நீங்கள் ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து போட்டிம் ஆப்பில் கூப்பிட்டால் ஸ்ரீரங்கத்தில் பத்தரை, மகள் தூங்கியிருப்பாள் அல்லது நாளைக்கு டெஸ்ட் இருக்கும். உங்களுக்கு இழப்பு அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது.

நானாக இருந்தால் மகள் பிளஸ் டூ முடிக்குமுன் வந்துவிடுவேன்.

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? என் பெரியம்மா மகன் ஒருவர் குவைத்திலிருந்து 52 வயதில் மன்னார்குடிக்கு வந்தார். பழக்கதோஷத்தில் நாலரைக்கு எழுந்துவிடுவார். பேப்பர்காரன் வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்து மணிக்குள் அன்றைய உலகம் முடிந்துவிடும். பிறகு வீட்டைச் சுற்றிவந்து ஆளில்லாத அறையில் ஃபேன் ஏன் ஓடுகிறது, மோட்டாரை யார் நிறுத்த மறந்தது, கேஸ் சிலிண்டர் இருபத்திரண்டு நாளில் எப்படித் தீர்ந்தது என்று விசாரணை. இருபது வருடம் அந்த வீட்டைத் தனியாக நடத்திய அண்ணி என்னிடம் சொன்னார்: “லீவுல வர்ற ஆளு வேற, இவரு வேற தம்பி.” சர்க்கரையும் ஏறியது. வந்தவர் போனவரோடு ஐந்து காபி, சாயங்காலம் பஜ்ஜி. ஒரு நெல் அரவை மில்லில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபிறகுதான் மனிதர் நிலைக்கு வந்தார். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அண்ணிக்கு நிம்மதி.

உங்கள் வேலைக்குத் திருச்சியில் பெரிய வாய்ப்பில்லை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறது. துறைமுக ஊர்கள். வாரக்கடைசியில் ரயிலேறி ஸ்ரீரங்கம் வருவது என்பது ஷார்ஜாவை ஒப்பிடப் பரவாயில்லையா என்று வீட்டில் பேசுங்கள். மனைவியிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பணக் கணக்கு. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்குமேல் வருடம் 30 நாள். உங்கள் 19 வருடமும் இதே கம்பெனியில் என்றால் 525 நாள், அதாவது பதினேழரை மாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு, வீட்டு வாடகைப்படி சேராது. பல கம்பெனிகள் பேசிக்கைச் சின்னதாக வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்கி, வங்கியில் கடன் பாக்கியையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘இன்னும் நான்கு வருடம்’ என்பது இஎம்ஐ அட்டவணை சொல்வது. உங்கள் கையில் இருப்பதைக் கொண்டு சீக்கிரம் முடியுமா என்பது வேறு கணக்கு.

நீங்கள் முடிவெடுக்க ஆறு மாதம் ஆனாலும் ஒன்றை இப்போதே செய்யுங்கள். இந்தியாவில் ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசி. விசா கேன்சல் ஆனால் கம்பெனி இன்சூரன்ஸும் அதோடு போய்விடும். இங்கே ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம், முன்பு நான்காக இருந்தது. அங்கே இருக்கும்போதே எடுத்துவிட்டால் அந்தக் காலத்தில் ஒரு பகுதி ஷார்ஜாவிலேயே கழிந்துவிடும். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியும் கிடையாது. விண்ணப்பத்தில் சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏஜென்ட் “அதெல்லாம் போட வேணாம் சார்” என்பார். கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். அப்பாவின் வயதுக்கு பிரீமியம் கையைக் கடிக்கும், அவர் பெயரில் ஒரு தொகையைத் தனி டெபாசிட்டாக ஒதுக்கிவைப்பதே மேல்.

சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கொழுப்பு, பாதம் எல்லாம் அந்த டாக்டரே பார்ப்பார். கண்ணை மட்டும் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை என்று தெரிந்தவுடனேயே விழித்திரையைப் பார்க்கவேண்டும், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிப்பார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே விடுமுறை நாளில் போங்கள், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது. பல்லைக் கடிக்கச் சொன்ன நண்பர்களில் யாராவது ஒருவரை வண்டி ஓட்டக் கூட்டிப்போங்கள்.