பழைய லேத்தின் பல்சக்கர வரைபடத்தில் எவற்றைக் குறிக்க வேண்டும்?

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டைப் பட்டறையில் செய்யக் கொடுக்கவும், அதே லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கும் பிறருக்கு அனுப்பவும் ஏற்றபடி உடைந்த பல்சக்கரத்தை எப்படி வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிவிட்டமும் பற்களின் எண்ணிக்கையும் மட்டும் போதாது. பழைய பிரிட்டிஷ், அமெரிக்க லேத்துகளின் பற்கள் பெரும்பாலும் டயமெட்ரல் பிட்ச் அளவிலும் (பற்கள் பொருந்தும் வட்டத்தின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பற்கள் என்பது) 14.5 பாகை அழுத்தக் கோணத்திலும் (பல்லின் பக்கச் சாய்வைத் தீர்மானிக்கும் கோணம்) வெட்டப்பட்டவை. இங்குள்ள பட்டறைகளிலோ மாட்யூல் (அதே விட்டத்தை மி.மீ.யில் எடுத்துப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்த அளவு) கட்டர்களும் 20 பாகையுமே வழக்கம். டயமெட்ரல் பிட்ச் 20 கொண்ட 40 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் 53.34 மி.மீ.; அதையே 1.25 மாட்யூலில் வெட்டினால் 52.5 மி.மீ.தான் வரும் என்பதால், பழைய சக்கரங்களோடு அது சரியாகப் பொருந்தாது. ஆகவே பிட்சையும் கோணத்தையும் வெளிப்படையாக எழுதுங்கள். சக்கரத்தின் நடுத்துளை தேய்ந்திருந்தால் அது அமரும் தண்டின் தேயாத பகுதியை அளந்து, நேரில் அளந்த எண்களையும் கணக்கிட்டுப் பெற்றவற்றையும் வேறுபடுத்திக் காட்டுங்கள்; இதைப் பலர் செய்வதில்லை. லேத்தின் மாடல் பெயரையும் மூலையில் குறித்துவிடுங்கள்.