பெட்டா ஆணா, பெண்ணா? கேள்வி பதில்

பெட்டா என்கிற சண்டை மீனில் ஆண், பெண் பிரிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். துடுப்பும் வாலும் குட்டையாக இருக்கும் பிளாக்கட் ரகத்தில்தான் பலருக்கும் குழப்பம். அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: பெண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். துடுப்பும் குட்டைதான். ஆனால் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் ஆணைப் பார்த்தாலே செவுளை விரித்துச் சீறுகிறது. இது பெண்தானா சார்?

சீறுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெண்ணும் சீறும். துடுப்பு குட்டையாக இருப்பதும் போதாது. பெண் என்று விற்கப்படும் மீன்களில் பிளாக்கட் ஆணோ, இன்னும் வளராத ஆணோ கலந்திருப்பது சகஜம்.

சீறும்போது தாடியைப் பாருங்கள். செவுள் மூடிக்கு அடியில் இருக்கும் சவ்வைத்தான் தாடி என்கிறோம். ஆணுக்கு அது முகத்துக்குக் கீழே அகலமாக விரிந்து நிற்கும். சீறி முடித்து அடங்கிய பிறகும் செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கோடு போல வெளியே எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கும் தாடி உண்டு, ஆனால் சின்னது. அடங்கியதும் உள்ளே மறைந்துவிடும். அதனால் மீன் அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை பாருங்கள். கண்ணாடி காட்டிச் சீற வைப்பதென்றால் ஓரிரு நிமிடம் போதும், அதற்கு மேல் மீனுக்குச் சோர்வு.

கேள்வி: வயிற்றுக்கு அடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பெண் என்று உறுதியாகச் சொல்லலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த முட்டைப் புள்ளி, முன்னால் கீழே தொங்கும் இரண்டு வயிற்றுத் துடுப்புகளுக்குப் பின்னால், வால் வரை ஓடும் அடித்துடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உப்புக்கல் போலத் துருத்திக்கொண்டு இருக்கும். முட்டை வெளியே வரும் குழாய் அது. வளர்ந்த பெண்ணிடம் நன்றாகவே தெரியும். சிக்கல் என்னவென்றால், இளம் ஆண்களுக்கும் அதே இடத்தில் சிறிய புள்ளி இருப்பதுண்டு. இதை மட்டும் நம்பி வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நான் அதிகம் நம்புவது முட்டைப்பையைத்தான். மீனைத் தெளிவான கண்ணாடி ஜாடியில் விட்டு, பின்பக்கமிருந்து டார்ச் வெளிச்சம் படும்படி வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். தீனி போடுவதற்கு முன் பார்த்தால் நல்லது, இல்லையென்றால் நிறைந்த குடல் குழப்பும். முன்னால் கருப்பாகத் தெரிவது வயிறும் குடலும். அதற்குப் பின்னால், வால் பக்கமாகக் கூர்ந்துகொண்டே போகும் மஞ்சள் நிற முக்கோணம் தெரிந்தால் அதுதான் முட்டைப்பை, மீன் பெண். ஆணுக்கு அந்த இடத்தில் இப்படி எதுவும் தெரியாது. வெளிர் நிற மீனில் இது பளிச்சென்று தெரியும். கருப்பு, கரும்நீல மீன்களில் வெளிச்சம் ஊடுருவாது, அவற்றுக்கு மற்ற அடையாளங்கள்தான் கதி.

கேள்வி: பிளாக்கட்டில் இரண்டுக்குமே வால் குட்டைதானே அண்ணா? எப்படித்தான் பிரிப்பது?

வாலை மறந்துவிடுங்கள் தம்பி. முதலில் அடித்துடுப்பைப் பாருங்கள், அதாவது வயிற்றுக்கு அடியிலிருந்து வால் வரை ஓடும் நீளத் துடுப்பு. ஆண் பிளாக்கட்டுக்கு இது முன்னால் குறுகலாகத் தொடங்கி, பின்னால் போகப் போகச் சாய்வாக இறங்கிக் கூர்மையாக முடியும். பெண்ணுக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே உயரம், கத்தரித்து விட்டது மாதிரி.

அடுத்தது, முன்னால் கீழே தொங்கும் இரண்டு வயிற்றுத் துடுப்புகள். ஆணுக்கு நீளமாகவும் அகலமாகவும் இருக்கும், பெண்ணுக்கு மெலிந்து குட்டையாக இருக்கும். அப்புறம் உடம்பு. ஆண் நீளமாக, தலையும் தோளும் கனத்து இருக்கும். பெண்ணை மேலேயிருந்து பார்த்தால் வயிற்றுப் பகுதி அகன்றும் வால் பக்கம் ஒடுங்கியும் இருக்கும். இவற்றோடு தாடியும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் இரண்டு, மூன்று வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள்.

வால் அரைவட்டமாக விரியும் ஹாஃப்மூன் ரகப் பெண்களிடம் இதற்கு நேர்மாறான சிக்கல். அவற்றின் துடுப்பு மற்ற பெண்களைவிடப் பெரிது, அதனால் ஆண் என்று நினைத்துவிடுவார்கள்.

கேள்வி: குஞ்சுகளுக்கு ஆறு வாரம் ஆகிறது. இப்போதே பிரிக்கலாமா?

இப்போது சொல்வதெல்லாம் ஊகம்தான். இரண்டு மாத வாக்கில் லேசாக வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், மூன்று நான்கு மாதத்தில் தெளிவாகிவிடும். அதுவரை எது மற்றதைத் துரத்திக் கடிக்கிறதோ அதைத் தனி ஜாடிக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். கூட்டத்தில் அடிபட்டு ஒதுங்கிக் கிடக்கும் ஆண் குஞ்சு, பெண் மாதிரியே இருக்கும். தனியாக வைத்து நன்றாகத் தீனி கொடுத்தால் துடுப்பு வளர ஆரம்பிக்கும்.

கேள்வி: உடம்பில் கோடு கோடாக வருகிறது. பெண்ணுக்குத்தான் வருமா?

எந்தப் பக்கமாக வருகிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழாக வெளிர் பட்டைகள் வந்தால், முட்டையிடத் தயாரான பெண்ணின் அடையாளம். தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் வந்தால் பயம், அழுத்தம். குஞ்சுகளிடமும் அது உண்டு.

கேள்வி: நுரைக்கூடு கட்டினால் ஆண்தானே?

முட்டைகளை வைக்க நீர்ப்பரப்பில் குமிழிகளால் கட்டும் கூடுதான் நுரைக்கூடு. கட்டுவது பெரும்பாலும் ஆண்தான். எப்போதாவது பெண்ணும் கட்டும்.

கேள்வி: என் பெண் மீன் நாளடைவில் ஆணாக மாறிவிட்டது. இது சாத்தியமா?

ஆய்வகத்தில் முட்டைப்பையை அறுத்து எடுத்த பெண் பெட்டாக்களில் சில, ஆணாக மாறியது பதிவாகியிருக்கிறது. உங்கள் தொட்டியில் நடந்தது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தாமதமாக வளர்ந்த ஆணைப் பெண் என்று கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: ஜோடி என்று வாங்கியிருக்கிறேன். இன்றைக்கே சேர்த்து விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இரண்டும் ஆணாக இருந்தால் சில நிமிடங்களிலேயே துடுப்பு கிழிந்துவிடும். உண்மையான ஜோடியாகவே இருந்தாலும், தயாராகாத பெண்ணை ஆண் கொன்றுவிடக்கூடும். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்துச் சில நாட்கள் பார்க்க விடுங்கள். ஆண் கூடு கட்ட வேண்டும். பெண்ணின் வயிறு உருண்டு, செங்குத்துப் பட்டைகள் வர வேண்டும். வயிறு உருண்டு செதில்கள் தூக்கிக்கொண்டு நின்றால் அது முட்டை அல்ல, நீர்க்கோவை நோய். அந்த மீனை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது.

தடுப்பை எடுத்த பிறகு பக்கத்திலேயே இருங்கள். பெண் ஒளிந்துகொள்ளச் செடிகள் இருக்கட்டும். முட்டையிட்டு முடித்ததும் பெண்ணை உடனே எடுத்துத் தனித் தொட்டியில் விடுங்கள். கூட்டை ஆண் பார்த்துக்கொள்ளும்.