சிம்மை மாற்றினால் 5ஜி வருமா?

கேள்வி: 2019-ல் வாங்கிய என் 4ஜி போன் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. '5ஜி சிம் போடுங்கள், வந்துவிடும்' என்கிறார் கடைக்காரர். நண்பரோ, 'அப்டேட் வரும், காத்திரு' என்கிறார். யார் சொல்வது சரி? புது போன்தான் வழி என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: இரண்டுமே நடக்காது. சிம்முக்காகப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் 4ஜி சிம்மிலேயே 5ஜி கிடைக்கும். தடை இருப்பது போனுக்குள்.

டவரோடு பேசுகிற வேலையை மோடம் என்ற சிப் பார்க்கிறது. 5ஜி சிக்னலைக் கையாளும் திறன் அதில் தயாரிப்பிலேயே இருக்க வேண்டும். அதோடு, அந்தந்த அலைவரிசைக்கு ஏற்ற பில்டர், ஆம்ப்ளிஃபயர், ஆன்டெனா எல்லாம் போனில் பொருத்தியிருக்க வேண்டும். எந்த அப்டேட்டும் இவற்றைக் கொண்டுவந்து தராது.

'எனக்கு அப்டேட்டில்தானே வந்தது' என்று சிலர் சொல்வதும் உண்மைதான். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஐபோன் 12-ல் அது கிடைக்கவில்லை. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 அப்டேட் வந்த பிறகே கிடைத்தது. அந்த போன் 2020-ல் வெளிவந்தபோதே 5ஜி மோடத்தோடுதான் வந்தது. அப்டேட் அதற்கு அனுமதி கொடுத்தது, அவ்வளவுதான். அதே 16.2 ஐபோன் 11-க்கும் வந்தது. அதில் இருப்பது 4ஜி மோடம், அதனால் இன்றைக்கும் 4ஜிதான்.

டயலரில் *#*#4636#*#* அழுத்தினால் வரும் மெனுவைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். 4ஜி போன்கள் சிலவற்றிலும் அங்கே 'என்ஆர்', அதாவது 5ஜி, என்று இருக்கும். அது ஆண்ட்ராய்டின் பொதுப் பட்டியல். அதைத் தேர்ந்தெடுத்தால் இருக்கிற சிக்னலும் போகலாம், தொட வேண்டாம்.

சரி, புது போன். பெட்டியில் '5ஜி' என்று போட்டிருப்பது மட்டும் போதாது. நிறுவனத்தின் தளத்தில், சரியான மாடல் எண்ணுக்கு உரிய பேண்ட் பட்டியலைப் பாருங்கள் (பேண்ட் என்பது போன் பிடிக்கக்கூடிய அலைவரிசைப் பகுதி); ஒரே பெயரில் வரும் போனுக்கு நாட்டுக்கு நாடு பேண்டுகள் மாறும். என்78 கட்டாயம் வேண்டும். இங்கே 5ஜி பெரும்பாலும் ஓடுவது அந்த 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில்தான். ஜியோ என்றால் 700 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் என்28-ம் இருக்கட்டும். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நன்றாக வருவது அதுதான். அது இல்லாத போன் உள்ளறைக்குப் போனதும் 4ஜிக்கு இறங்கிவிடலாம்.

இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஜியோவின் 5ஜி தனியாகவே இயங்கும் எஸ்ஏ வகை. ஏர்டெல் தொடங்கியது 4ஜியைச் சார்ந்து இயங்கும் என்எஸ்ஏ வகையில். 2024 நவம்பரில் ரூ. 8,499-க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி, எஸ்ஏ-வை மட்டுமே ஏற்கும். ஜியோகாரருக்குச் சிக்கல் இல்லை, ஏர்டெல்லின் என்எஸ்ஏ சிக்னலில் அது 4ஜி போன்தான். இப்படி விலையைக் குறைப்பதை ஏற்கலாம், ஆனால் வாங்குபவருக்குப் பெட்டியிலேயே பெரிய எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து. எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் உள்ள போனாகவே வாங்குங்கள். நாளைக்கு நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும் தொல்லை இருக்காது.

பழைய போன் வாங்குவதாக இருந்தால் 2020, 2021 மாடல்களில் கூடுதல் கவனம் தேவை. 5ஜி என்று விற்ற சிலவற்றில் ஒன்றிரண்டு பேண்டுகள்தான் இருக்கும். உங்கள் சிம்மைப் போட்டு, 5ஜி கிடைக்கும் இடத்தில் அந்த எழுத்து திரையில் வருகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.