பாலின ஹார்மோன் தண்ணீரில் கரையாது என்றால் மீனின் ரத்தத்தில் எப்படி ஓடுகிறது? அதைச் சுமக்க ஒரு புரதம் இருக்கிறதாமே?

இருக்கிறது. கரையாது என்பதும் உண்மைதான், நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி என் மாமா மூன்று குளம் வைத்து திலாப்பியா மீன்குஞ்சு விற்கிறார். தீனி எடுக்க ஆரம்பித்த குஞ்சுக்கு மூன்று, நான்கு வாரம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கலந்த தீனி, தீனி கிலோவுக்கு 60 மில்லிகிராம் கணக்கு. பெண்ணாக வேண்டியதும் ஆணாகிவிடும், ஆண் மீன்தான் சீக்கிரம் எடை போடும். முதல் தடவை உதவிக்குப் போனபோது நான் கெட்டிக்காரன் மாதிரி அந்தப் பொடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன், கலக்கக் கலக்க அது பாட்டுக்கு மிதந்தது. "தம்பி, யுனிவர்சிட்டியில இதச் சொல்லித் தரலையா? ஸ்பிரிட்ட எடு" என்றார் மாமா. ஸ்பிரிட்டில் கரைத்து, மாவுத் தீனியில் தெளித்து, கையுறை போட்டுப் பிசைந்து, வாடை போகும்வரை தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தினோம்.

மீனின் ரத்தத்தில் ஸ்பிரிட் இல்லை. ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன், பெண் ஹார்மோன் ஈஸ்ட்ராடியோல் எல்லாம் கொலஸ்டிராலில் இருந்து வருபவை, கொழுப்புக் குணம், அதனால் ரத்தத்தில் கொஞ்சம்தான் தனியாக நிற்கும். மீதியைச் சுமக்கத்தான் கல்லீரல் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. நம் உடம்பிலும் இது உண்டு, பறவைகளுக்குக் கிடையாது.

தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகும் வேனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே முப்பது பேர் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் இறங்கியவன்தான் குலை வெட்டுவான். ஹார்மோனும் அப்படித்தான், புரதத்தை விட்டு இறங்கியதுதான் செல்லுக்குள் போய் வேலை செய்யும். ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் அளந்து முடிவு சொல்கிறவர்கள் வேனில் இருப்பவனையும் சேர்த்து ஆள் எண்ணுகிறார்கள். இதில் வேடிக்கை, பல மீன்களில் முக்கிய ஆண் ஹார்மோனான 11-கீட்டோ டெஸ்டோஸ்டிரோன் இந்தப் புரதத்தில் சரியாக ஒட்டுவதே இல்லை.

அப்புறம் செவுள். என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. மீனின் செவுளிலும் இந்தப் புரதம் இருக்கிறது, செவுளைத் தொட்டு ஓடும் தண்ணீரில் பாலின ஹார்மோன் இருந்தால் அதையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கனடாவின் வான்கூவரில் ஆய்வாளர் ஹாமண்ட் குழுவினர் வரிக்குதிரை மீனில் இதைக் காட்டி 2008-இல் எழுதினார்கள். கருத்தடை மாத்திரையில் இருக்கும் எதினைல் ஈஸ்ட்ராடியோல் மனிதனின் எஸ்எச்பிஜியில் அவ்வளவாக ஒட்டாது. மீனுடையதில் நன்றாக ஒட்டும். மாத்திரை சாப்பிட்டவர் உடம்பிலிருந்து கழிவுநீர் வழியாக ஆற்றுக்குப் போவதை மீன் வேன் வைத்து ஏற்றிக்கொள்கிறது, பாவம்.

அளவு கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். கனடாவிலேயே ஒன்டாரியோவில் ஒரு சோதனை ஏரியில் 2001 முதல் 2003 வரை வேண்டுமென்றே இந்த மாத்திரை ஹார்மோனைக் கலந்தார்கள், லிட்டருக்கு 5, 6 நானோகிராம், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு. ஆண் மீன்கள் முட்டைக்கான புரதத்தைச் செய்ய ஆரம்பித்தன, அந்த ஏரியின் சின்ன கெண்டை இனம் கிட்டத்தட்ட அழிந்தே போனது.

அப்போ திலாப்பியா தின்னலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தின்னலாம், நான் தின்கிறேன். குஞ்சில் கொடுத்த ஹார்மோன், மீன் வளர்ந்து பாசாருக்கு வருகிற மாதக்கணக்கில் உடம்பை விட்டுப் போய்விடும். என் கவலை வேறு. போன மாதம் மாமாவிடம், "அந்தத் தட்டெல்லாம் கழுவுன தண்ணிய எங்க ஊத்துறீங்க மாமா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வாய்க்காலைப் பார்த்தார். அது நேரே ஆற்றில்தான் விழுகிறது.