12க்கு 10 ஹோலில் பெரிய செற்றியை எப்பிடிப் போடலாம்?

அக்கா, கிளிநொச்சி வீட்டுத்திட்ட வீட்டு ஹோல் 12க்கு 10 அடி, கிழக்கில முன்கதவு, அதுக்கு நேரே மேற்கில குசினிக் கதவு, ரெண்டும் தெற்குச் சுவர் பக்கம், யன்னல் வடக்கில எண்டு எழுதியிருக்கிறியள். செற்றி பெரிசெண்டதாலை இடம் போதாமல் போகேல்லை, அது நடுவில நிக்கிறதாலைதான் எல்லாரும் இடிபடுகினம்.

கதவுக்குக் கதவு 3 அடிப் பாதையை வெறுமையா விடுங்கோ. தெற்கு-வடக்கு 12 அடியில வடக்குப் பக்கம் 9 அடி மிஞ்சும். ஆறரை அடி நீள மூவர் இருக்கையைக் மேற்குக் குசினிச் சுவர்ப் பக்கம் போட்டு, ரிவியைக் கிழக்குச் சுவரில மாட்டுங்கோ. யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில விழும், திரையில பளபளக்காது. ரிவியின்ர நடுப்பகுதி நிலத்திலயிருந்து 40 அங்குலத்தில நிக்கோணும். அதைவிட மேல ஏத்தினா கழுத்து நோகும். செற்றியின்ர ஒற்றைக் கதிரை ரெண்டில ஒண்டு யன்னலடிக்கு, மற்றது விறாந்தைக்கு. ரெண்டையும் உள்ளுக்க வைக்க நினையாதேங்கோ.

மரச்சாமானைச் சுவரோட ஒட்டாமல் 3 அங்குலம் தள்ளி வையுங்கோ. மாரியில சுவர் ஈரிக்கும், ஒட்டி வைச்சா பின்னால கறையான் ஏறினாலும் கண்ணில படாது.

கம்பளம் வேண்டாம். சோளகக் காத்தில வாற செம்மண் புழுதி அதுக்குள்ள இறங்கினா எடுக்கேலாது. பன்புல்லில இழைச்ச முல்லைத்தீவுப் பன்பாய் போதும், உதறி வெயிலில போடலாம்.

சுவருக்கு வெள்ளைப் பெயின்ற் நல்லதுதான். ஆனா கீழ் 3 அடிக்குக் கழுவக்கூடிய இமல்ஷன் பெயின்ற் அடியுங்கோ, கொஞ்சம் மண்ணிறமா.

ஃபேனை ஹோலின்ர நடுவில இல்லை, செற்றிக்கும் ரிவிக்கும் இடையில கொழுவுங்கோ. ஃபேன் தகடு நிலத்திலயிருந்து 7 அடிக்குக் குறையக்கூடாது.