காசு கொடுத்து வாங்கிய லினக்ஸ் ஆட்-ஆன் ஓடும் சர்வரில் ஈபெல் ரெப்போவைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஈபெல் என்பது ரெட் ஹேட் லினக்ஸுக்காக ஃபெடோரா புராஜெக்ட்டின் தன்னார்வலர்கள் இலவசமாகத் தரும் ரெப்போ, அதாவது மென்பொருள் பேக்கேஜுகளின் கிடங்கு. ஆனால் இதைக் கேட்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள், ஏதோ ஒரு சர்வீஸ் எழ மறுக்கிறது என்றே நினைக்கிறேன். நானும் அப்படி முழித்தவன்தான்.

அப்போது எங்கள் சர்வரில் இருந்தது ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7. அதன்மேல் வேறொரு நிறுவனத்தின் கட்டண ஆட்-ஆன் (கூடுதல் மென்பொருள்), பெயர் வேண்டாம். எனக்கு எச்டாப் (சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கருவி) வேண்டியிருந்தது. அடிப்படை ரெப்போவில் அது இல்லை, ஈபெல்லில் இருந்தது. அந்த ஒன்றுக்காக ஈபெல் முழுவதையும் திறந்தேன், மூட மறந்தேன்.

சில வாரம் கழித்து சனிக்கிழமை இரவு பேட்ச்சிங். பேக்கேஜுகளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான யம்மில் அப்டேட் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். ரீபூட்டுக்குப் பிறகு ஆட்-ஆன் சர்வீஸ் எழவில்லை. லாக் முழுக்க ஒரு பைத்தான் லைப்ரரியின் புலம்பல். அந்த பேக்கேஜின் விவரத்தை ஆர்பிஎம்மில் (யம்முக்கு அடியில் பேக்கேஜுகளை நிர்வகிக்கும் கருவி) எடுத்தால் வெண்டார் என்ற இடத்தில் ஃபெடோரா புராஜெக்ட் என்று இருக்கிறது! ஆட்-ஆன் கொண்டுவந்த லைப்ரரியின் இடத்தில், அதே பெயரில் ஈபெல்லின் புதிய பதிப்பு உட்கார்ந்திருந்தது. 'இந்தப் பதிப்போ அதற்கு மேலோ' என்று மட்டுமே ஆட்-ஆன் கேட்டிருந்ததால் ஆர்பிஎம்மும் தடுக்கவில்லை.

"ஈபெல் மோதக்கூடாது என்று கொள்கையே இருக்கிறதே" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். இருக்கிறது. அது ரெட் ஹேட்டின் அடிப்படை ரெப்போக்களுக்கு. வெளியார் தனியாக விற்கும் ஆட்-ஆனுக்குள் என்ன இருக்கிறது என்று தன்னார்வலர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? யம் பார்ப்பது எபாக், வெர்ஷன், ரிலீஸ் என்ற பதிப்பு எண்களைத்தான். எண் பெரிதாக இருப்பது ஜெயிக்கும், நீங்கள் யாருக்குப் பணம் கட்டினாலும் சரி. ஈபெல்லை நான் குறை சொல்லவில்லை, தப்பு என்னுடையது.

இன்னொரு வெட்கக்கேடு. ஆட்-ஆன் ரெப்போ ஃபைலில் பிரையாரிட்டி 10 என்று நானே எழுதி வைத்திருந்தேன். ஆனால் யம்மில் அதற்குத் தனி பிளகின் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வரியை யம் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைத்துத் தூங்கியிருக்கிறேன். யம்மின் இடத்துக்கு டிஎன்எஃப் வந்த பிறகு, அதாவது ரெட் ஹேட் 8 முதல், பிளகின் தேவையில்லை. எண் சிறியதானால் முன்னுரிமை அதிகம், எதுவும் போடாவிட்டால் 99.

செய்த அப்டேட்டைத் திருப்பிவிட யம் ஹிஸ்டரி அன்டூ போட்டுப் பார்த்தேன். பல பேக்கேஜுகளின் பழைய பதிப்பு கிடைக்காமல் அது பாதியிலேயே கைவிரித்தது. கடைசியில் ஈபெல்லை அணைத்து, அந்த லைப்ரரியையும் அதைச் சார்ந்த இன்னொன்றையும் மட்டும் டவுன்கிரேட் செய்தேன். விடியும்போது சர்வீஸ் வந்தது. இதற்கிடையே ஆட்-ஆன்காரர்களிடம் போட்ட டிக்கெட்டுக்கு வந்த பதில்: 'வெளி பேக்கேஜ் இருப்பதால் ஆதரவு இல்லை.' சட்டப்படி சரிதான். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேலாளர் "இலவசத்தை எல்லாம் யார் போடச் சொன்னது?" என்றார். அந்த இரவுக்கான காம்ப்-ஆஃப் இன்றுவரை வரவில்லை. அதைக் கேட்டால் மட்டும் எல்லோருக்கும் பாலிசி ஞாபகம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். ஈபெல் ரெப்போ ஃபைலில் includepkgs வரியைச் சேர்த்து, தேவையானதையும் அதன் டிபென்டென்சிகளையும் (அது ஓடத் தேவையான பிற பேக்கேஜுகள்) மட்டும் எழுதுங்கள். ரெப்போவை அணைத்து வைத்து, வேண்டும்போது மட்டும் எனேபிள்ரெப்போ கொடுப்பதும் ஒரு வழி, ஆனால் அதிலிருந்து போட்டவற்றுக்குப் பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. அதனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். இப்போது அந்த வரியில் எச்டாப் மட்டும்தான் இருக்கிறது. "லினக்ஸோடு வரும் டாப் போதாதா?" என்று கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து கீழே வர வேண்டாம்.